மூன்று பேர் இல்லாத சராசரி

கணக்கு வாத்தியார் அன்று ஏழாம் வகுப்பு ஏ பிரிவில் மூன்று பேரை உள்ளங்கையால் அழித்தார். டஸ்டர் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் டஸ்டரால் அழித்திருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாடம், சராசரி. அந்தப் பாடத்தின் மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே ‘சராசரி சார்’. அதில் பாதியாவது பாராட்டாக இருக்கும் என்று அவர் நம்பினார். மீதிப் பாதியைப் பற்றி விசாரிக்கவில்லை.

“நாலு ஆடு நிக்குது. ஒவ்வொண்ணும் இருபத்தஞ்சு கிலோ. பக்கத்துல ஒரு யானை, நாலாயிரம் கிலோ. அஞ்சு பேரோட சராசரி எடை என்ன?”

முன் பெஞ்சு மூச்சுப் பிடித்துக் கூட்டி, வகுத்து, கத்தியது. “எண்ணூத்தி இருபது சார்!”

“எண்ணூத்தி இருபது கிலோவுல ஒரு ஆட்டை யாராவது பாத்திருக்கீங்களா?”

வகுப்பு சிரித்தது. வருஷா வருஷம் இந்த இடத்தில் சிரிப்பு வரும். அதற்காகவே அவர் ஆடுகளை மாற்றாமல் வைத்திருந்தார்.

“சார், யானையப் பாத்ததும் ஆடெல்லாம் ஓடிப்போயிருக்கும் சார். அப்ப சராசரி நாலாயிரம்!”

கடைசி பெஞ்சு. வாய் ஓயாததால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கியவன். அவன் சொன்னது கணக்குப்படி அட்சரம் பிசகாமல் சரி. போன தேர்வில் ஒன்பது மார்க் வாங்கிய பையன் யோசிக்காமல் இதைச் சொல்கிறானே என்று வாத்தியார் அசந்துபோயிருக்க வேண்டும். அசரவில்லை. ‘ஓடிப்போயிருக்கும்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“ஓடிப்போனா! அங்கதான் விஷயமே இருக்கு. இப்ப நம்ம வகுப்பையே எடுத்துக்குவோம்.”

போன வகுப்புத் தேர்வின் இருபத்துநாலு மார்க்கையும் பலகையில் மளமளவென்று எழுதினார். பெயர் எழுதவில்லை, அந்த நாகரிகம் தெரிந்தவர். ஆனால் யார் எவ்வளவு என்பது அந்த அறையில் யாருக்குத் தெரியாது? கூட்டினார்கள், ஆயிரத்து முந்நூற்றெட்டு. வகுத்தார்கள், ஐம்பத்துநாலரை.

“நிர்வாகம் நம்மகிட்ட கேக்கறது அறுபது. நாம நிக்கறது ஐம்பத்துநாலரையில. ஏன்? இங்க பாருங்க.” ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்ற மூன்று எண்களைத் தேடிப் பிடித்து உள்ளங்கையால் தேய்த்தார். “இப்ப போடுங்க.”

ஆயிரத்து இருநூற்று எண்பத்தொன்றை இருபத்தொன்றால் வகுத்தால் மீதியே இல்லாமல் அறுபத்தொன்று வரும். மீதி வராத வகுத்தல் என்றால் கணக்கு வாத்தியார்களுக்கு ஒரு பலவீனம். அந்த அழகில் அவர் கொஞ்சம் மயங்கினார்.

“பாத்தீங்களா! இந்த மூணு மட்டும் இல்லேன்னா நாம எங்கேயோ போயிருப்போம்.”

முன் பெஞ்சு கைதட்டியது. அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த பாடம் விகிதம், கை சும்மா இருக்கவில்லை. “மூணுக்கு இருபத்தொண்ணு. சுருக்கினா? ஒண்ணுக்கு ஏழு. ஏழு பேர் மூச்சு வாங்கத் தள்ளற வண்டியில ஒருத்தர் ஏறி உக்காந்துட்டிருக்கார்னு அர்த்தம்.” வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஒரே கல்லில் இரண்டு பாடம் முடித்த திருப்தியோடு கையைப் பார்த்தார். உள்ளங்கை முழுக்க சாக்பீஸ் மாவு. மணி அடித்தது. கழுவிக்கொண்டு போனார்.

*

இந்த அறுபது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வாத்தியாரின் மானம் இன்னும் கொஞ்சம் போகும், பரவாயில்லை.

அந்தப் பள்ளியை நடத்திய நிர்வாகத்துக்கு வேறு சில பள்ளிகளும் இருந்தன. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தேர்வு வைப்பார்கள். எந்த வகுப்பின் சராசரி அறுபதுக்குக் கீழே போகிறதோ, அந்த வாத்தியார் சனிக்கிழமைதோறும் ‘ஆசிரியர் மேம்பாட்டு வகுப்பு’க்குப் போக வேண்டும். போன வருஷம் நம்மவர் போனார். அவர் பையன் வயசில் ஒரு பயிற்சியாளர், நரை விழுந்த பன்னிரண்டு பேரை வட்டமாக உட்காரவைத்து, ஒரு காகிதப் பந்தைக் கையில் கொடுத்து, “பந்து யார்கிட்ட இருக்கோ அவங்க தங்களோட பலவீனம் ஒண்ணு சொல்லணும்” என்றான். நம்மவர் “முட்டிவலி” என்றார். “மனசுல இருக்கற பலவீனம் சார்” என்றான் அவன். அந்தப் பந்துக்குத் திரும்பப் போகாமல் இருக்க அவர் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பார். ஆனால் தன்னை அப்படிப்பட்ட ஆள் என்று அவர் நினைத்துக்கொள்ளவில்லை.

ஏனென்றால் அந்த அறுபது விதியில் ஒரு சந்து இருந்தது, அவர் அதில் நுழையாதவர். தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் சராசரி, வராதவர்கள் கணக்கிலேயே கிடையாது. பூஜ்யம்கூட விழாது. சில வாத்தியார்கள் தேர்வுக்கு முந்தைய நாள் சுமாரான பிள்ளைகளைக் கூப்பிட்டு, முதுகில் தட்டி, “முகமே சரியில்லையே, நாளைக்கு வீட்ல ரெஸ்ட் எடு” என்பார்கள். பள்ளி முழுக்கத் தெரிந்த ரகசியம். தலைமையாசிரியைகூட ஒருமுறை நம்மவரிடம், “எல்லாரும் வந்துதான் ஆகணும்னு ஒண்ணும் இல்ல சார்” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். “அந்த வேலை எனக்கு வேணாம் மேடம்” என்று நெஞ்சை நிமிர்த்தி வந்தவர் அவர். அந்த நிமிர்ந்த நெஞ்சைப் பற்றி வீட்டில் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

பொதுத்தேர்வு அன்று காலை கேள்வித்தாள் கட்டோடு ஏழாம் வகுப்பு ஏ பிரிவுக்குள் நுழைந்தார். கடைசி பெஞ்சு காலி.

வழக்கமாக அங்கே மூன்று பேர். ரேடியோ ஒருவன். வாய் திறந்தால் பேச்சுக்குப் பதில் கொட்டாவி மட்டும் வருவதால் ‘கொட்டாவி’ என்ற பெயரோடு இன்னொருவன். ஜன்னலோரம் சலவைக்கடைக்காரர் மகள். எந்நேரமும் பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டிருப்பதால் அவளுக்குப் ‘பின்னல்’ என்றே பெயர். ஒன்பது, பன்னிரண்டு, ஆறு.

இதைப் பார்த்ததும் வாத்தியாருக்கு என்ன தோன்றியது என்பதுதான் இந்தக் கதை. அதிர்ச்சி வந்தது, வராமல் இல்லை. ஆனால் அது இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது வேறு. தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல, வயிற்றில் ஒரு இதம். அடடா, தப்பித்தேன் என்று உடம்பு சொன்னது. மனசு அதைக் கேட்டுவிட்டு, கேட்காதது போல இருந்தது. யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சுற்றிலும் பார்த்தார். இருபத்தொரு தலைகள் குனிந்து கடைசி நேரமாக நோட்டைப் படித்துக்கொண்டிருந்தன.

சுற்றி வந்த தலைமையாசிரியை வாசலில் நின்றார். “மூணு பேர் வரலையா?”

“வரல மேடம்.”

“யார் யாரு?”

சொன்னார்.

“ம்” என்றார் தலைமையாசிரியை. அந்த ‘ம்’முக்குள் ஒரு சின்னப் பாராட்டு இருந்தது. அவர் போன பிறகும் அது வாத்தியாரின் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது, தட்டினாலும் போகவில்லை.

சராசரி அறுபத்திரண்டு வந்தது. ஆசிரியர் அறையில் பிஸ்கட் பொட்டலம் பிரித்தார்கள். “நீங்களும் நம்ம வழிக்கு வந்துட்டீங்க போல!” என்று அறிவியல் வாத்தியார் கண்ணடித்தார். “ஐயையோ, நான் ஒண்ணும் சொல்லலைங்க” என்றார் இவர். “யாரு இப்ப சொன்னீங்கன்னு சொன்னா?” என்றார் அவர், இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே.

*

அடுத்த திங்கட்கிழமை ரேடியோவும் கொட்டாவியும் வந்தார்கள். பின்னல் வரவில்லை.

“ஏன்டா அன்னிக்கு வரல?”

“ஜுரம் சார்” என்றான் ரேடியோ.

“உனக்கு?”

கொட்டாவி யோசித்தான். “எனக்கும் அதே ஜுரம்தான் சார்.”

“ரெண்டு பேருக்கும் ஒரே ஜுரமா?”

“பக்கத்துல பக்கத்துல உக்காருறோம்ல சார்.”

வாத்தியார் திரும்பப் போனபோது ரேடியோ குரலைத் தாழ்த்தினான். அவன் குரல் தாழ்ந்து யாரும் கேட்டதில்லை. “சார், எவ்வளவு சார் வந்துச்சு?”

“எது?”

“நம்ம சராசரி.”

“அறுபத்திரண்டு.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோ மேஜைக்கு அடியில் கொட்டாவியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். “சொன்னேன்ல? பின்னல் போட்ட கணக்கு தப்பாதுடா!” அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம், கலப்படமே இல்லாத சந்தோஷம். ‘நம்ம சராசரி’ என்றானே, அந்தக் கணக்கில் அவனே கிடையாது.

“அவ எங்கடா?”

“அவ இனிமே வரமாட்டா சார். கடையில இருக்கா. எப்படியும் அடுத்த பரீட்சைக்கும் வரக்கூடாதுதானே, நடுவுல மட்டும் எதுக்கு வரணும்னு கேட்டா. எங்களுக்குப் பதில் தெரியல சார்.”

வாத்தியார் அன்று விகிதப் பாடம் நடத்தாமல் பழைய கணக்குகளையே திருப்பிப் போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மதியம் தலைமையாசிரியையிடம் போனார். “மேடம், நான் விளையாட்டாத்தான் ஒரு வார்த்தை சொன்னேன். அதைக் கேட்டுப் பிள்ளைங்க வராம போயிட்டாங்க. நான் வேணும்னே சொன்ன மாதிரியா இருக்கு?”

“சார், நீங்க சொன்னீங்களா, சொல்லலையா, வேணும்னேவா, விளையாட்டாவா, அதெல்லாம் என் காதுல விழவே இல்ல” என்றார் அவர், மிகுந்த அன்போடு. “டீ சாப்பிடுறீங்களா?”

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் கேட்டார். அவர் கண்ணாடிக் கடையில் கண் அளப்பவர். நாள் முழுக்க ‘இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா’ என்று பிறரைக் கேட்டு வாழ்கிறவர், தெளிவாக ஏதாவது சொல்லுவார் என்று ஒரு நப்பாசை.

“நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க” என்றார் மனைவி.

“எப்படிப்பட்ட ஆள்னு கேக்கல. அப்படிச் சொன்னேனான்னுதான் கேக்கறேன்.”

“நான் என்ன உங்க வகுப்புலயா உக்காந்திருந்தேன்? சாதம் ஆறுது, சாப்பிடுங்க. மனசு கேக்கலேன்னா அந்தப் பொண்ணு வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. என்னைப் போட்டுக் குடையாதீங்க.”

ஆக, கேட்ட இரண்டு பேரும் அவரைக் கைவிடவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. இந்த மாதிரி ஆதரவு எவ்வளவு கனக்கும் என்பது அதைத் தூக்கியவருக்குத்தான் தெரியும்.

*

சலவைக்கடை ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. உள்ளே நீராவி. முன்னால் ஒரு நீள மேஜையில் பின்னலின் அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேலே கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்ட சட்டைகள் வரிசையாகத் தொங்கின. வாத்தியார் தலையைக் குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது. அன்று அது அவருக்கு வசதியாகவே இருந்தது.

“அடடே, சார்! வாங்க, வாங்க. இருங்க, அந்த ஸ்டூலைத் துடைச்சுத் தரேன்.” அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒரு வாடிக்கையாளரின் துண்டாலேயே ஸ்டூலைத் துடைத்தார். “பாப்பா சொன்னா சார். நீங்க எவ்வளவு பக்குவமா எடுத்துச் சொன்னீங்கன்னு.”

“நான் என்ன சொன்னேன்?”

“அதான், இவளால மத்த பிள்ளைங்களுக்கும் கஷ்டம்னு. வேற வாத்தியாரா இருந்தா மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருப்பாங்க. நீங்க பேரைக்கூடச் சொல்லாம, கணக்காப் போட்டுக் காமிச்சீங்களாமே.” அவர் குரலில் உண்மையான நன்றி இருந்தது. “எங்க வம்சத்துலயே படிப்பு ஏறாது சார். நீங்க மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. இங்க இருந்தா எனக்கும் ஒரு கை ஒத்தாசை.”

யாராவது அப்போது வாத்தியாரைத் திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். திட்டு வாங்குவதற்கான முகத்தைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தார். நன்றி வாங்குவதற்கு அவரிடம் முகம் இல்லை. “அப்படியெல்லாம் இல்லைங்க…” என்று ஆரம்பித்தார். மேலே என்ன சொல்வது? ‘நான் பக்குவமாகச் சொல்லவில்லை, இளித்துக்கொண்டு சொன்னேன்’ என்றா? நீராவியில் அவர் மூக்குக்கண்ணாடி மங்கியது. அதைக் கழற்றித் துடைத்தார், தேவைக்கு மேலேயே துடைத்தார்.

“பாப்பா, சார் வந்திருக்காரு பாரு!”

பின்கட்டில் பின்னல் ஒரு துணிக்குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். சாக்ஸுகளுக்கு ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியாரைப் பார்த்ததும் எழுந்தாள், பின்னல் நுனி தானாக வாய்க்குப் போனது.

“உக்காரும்மா. உக்காரு.” அவரும் ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். கூடை முனகியது. “உடம்பு எப்படி இருக்கு? ஜுரமாமே?”

“ஆமா சார். அதே ஜுரம்தான்.”

“ரேடியோ சொன்னான். நீ ஏதோ கணக்குப் போட்டியாமே?”

அவள் இன்னொரு ஜோடிச் சாக்ஸைச் சேர்த்து வைத்தாள். பிறகு, பலகைக்கு முன்னால் ஒருநாளும் பேசாதவள், துணிக்குவியலிடம் பேசினாள்.

“முதல்ல நான் மட்டும் நின்னுக்கலாம்னுதான் சார் பாத்தேன். என்னோடதுதானே ஆறு. அதைக் கழிச்சு இருபத்துமூணால வகுத்தேன். ஐம்பத்தாறு சொச்சம்தான் வந்துச்சு. பத்தல. ரேடியோவையும் சேத்து இருபத்திரண்டால வகுத்தேன். ஐம்பத்தெட்டே முக்கால். அப்பவும் பத்தல. கொட்டாவியும் நின்னாத்தான் அறுபத்தொண்ணு, நீங்க போட்ட மாதிரி. கொட்டாவி பாவம் சார், பன்னண்டு வாங்கினவன். அவன் வரேன்னுதான் சொன்னான். நான்தான் விகிதம் சொல்லிப் புரியவச்சேன், ஏழு பேர் தள்ளறாங்கடா, நாம இறங்கிக்கலாம்னு.”

வாத்தியாருக்கு அந்த நேரத்தில் வந்தது என்ன தெரியுமா? பெருமை. இருபத்துமூன்றால் வகுத்திருக்கிறாள்! ஒரு எண்ணை எடுத்தால் மேலே கூட்டுத்தொகையும் மாறும், கீழே வகுக்கும் எண்ணும் மாறும் என்பது முன் பெஞ்சிலேயே பாதிப் பேருக்குப் புரியாத இடம். ‘சபாஷ்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைக் கடித்து விழுங்கினார். விழுங்கிய பிறகு, இந்த மாதிரி நேரத்தில்கூடத் தன் பாடம் நன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று குளிர்ந்த அந்த மனசை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

“நாளைக்கு வந்துடும்மா” என்றார். “நிர்வாகத்துக்கு நான் எழுதிக் கொடுத்துடறேன். அந்த அறுபத்திரண்டு சரியில்லேன்னு. உங்க மூணு பேருக்கும் திரும்பப் பரீட்சை வைக்கச் சொல்றேன்.”

“அப்ப சராசரி கொறஞ்சிடும் சார்.”

“கொறையட்டும்.”

“உங்களைச் சனிக்கிழமை க்ளாஸுக்கு அனுப்புவாங்க. பந்து எல்லாம் கொடுப்பாங்களாமே.”

“கொடுக்கட்டும். பிடிச்சுக்கறேன்.” இதற்கு அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒரு நீலச் சாக்ஸைக் கையில் மாட்டி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள்.

முன்கட்டில் இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. வாத்தியார் கூடையில் இப்படியும் அப்படியும் நகர்ந்தார். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார். வயசில் பெரியவர், ஒரு குழந்தையிடம் போய் இதைக் கேட்பதா? ஆனால் தலைமையாசிரியையிடமும் மனைவியிடமும் கேட்டதை இங்கே கேட்காமல் போனால், அப்புறம் கேட்க ஆளே இல்லை.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான் அன்னிக்கு அதை விளையாட்டுக்குத்தானேம்மா சொன்னேன்?”

பின்னல் நுனி வாயிலிருந்து விழுந்தது. அவள் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

“இல்ல சார். விளையாட்டுக்குச் சொல்றப்ப எங்க மூஞ்சியப் பாத்து, சிரிக்கிறோமான்னு பாப்பீங்க. அன்னிக்கு எங்க பக்கம் திரும்பவே இல்ல. நாங்க வரவேணாம்னு நெனச்சுத்தான் சொன்னீங்க.” சாக்ஸைக் கழற்றி அதன் ஜோடியோடு சேர்த்துச் சுருட்டினாள். “நாளைக்கு ஸ்கூலுக்கு வர்றேன் சார். ஆனா உங்க க்ளாஸ்ல உக்கார மாட்டேன். என்னை பி செக்‌ஷன்ல போடச் சொல்லுங்க.”